ஜிம்மி கார்ட்டர் பற்றி 20 நிமிடப் பேச்சு: எது உண்மை, எது வாட்ஸ்அப்?

பேச்சுமேடை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். முன்னாள் படைவீரர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேச வேண்டும். தலைப்பு: "சீருடையைக் கழற்றிய பிறகு". கார்ட்டரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1924 அக்டோபர் 1-ல் ஜார்ஜியா மாநிலத்துப் பிளெயின்ஸ் ஊரில் பிறந்து, 2024 டிசம்பர் 29-ல் அதே ஊரில் 100 வயதில் மறைந்தவர். அமெரிக்க ஜனாதிபதி பதவி நாலே வருடம். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 44 வருடம் தொண்டு. எனக்கு அரசியல் வேண்டாம், கடற்படையும் தொண்டும் போதும்.

கையில் இருக்கும் குறிப்புகள் இவை:

1. அணு நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டனாக இருந்தார்.
2. கனடாவில் உருகிய அணு உலைக்குள் தனியாளாக இறங்கி ஊரைக் காப்பாற்றினார்.
3. ஹாபிடாட் அமைப்பைத் தொடங்கி ஏழைகளுக்கு இலவச வீடு கொடுத்தார்.
4. கினிப் புழுவுக்கு மருந்து கண்டுபிடித்து நோயை ஒழித்தார்.
5. அவருடைய அம்மா ஹரியானா கிராமம் ஒன்றில் நர்ஸ் வேலை பார்த்தார், அதனால்தான் அந்த ஊருக்குக் கார்ட்டர்புரி என்று பெயர்.

முன்வரிசையில் பழைய நேவிக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். தப்பாகச் சொன்னால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

---

நீர்மூழ்கி_பிரிவு

முதல் குறிப்பை அப்படியே அடித்துவிடுங்கள், ஐயா. அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்ததில்லை. கடைசிப் பதவி லெப்டினன்ட். கடற்படையில் இருந்த காலத்தில் அணு நீர்மூழ்கியில் கடலுக்குப் போனதும் இல்லை.

நடந்த வரிசை இது. அனாபொலிஸ் கடற்படை அகாதமியில் 1943-ல் சேர்ந்து 1946 ஜூனில் வெளியே வந்தார். போர்க்காலப் படிப்பு என்பதால் நாலு வருடத்தை மூன்றாகச் சுருக்கியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் அதற்குள் முடிந்துவிட்டது. ஆகவே "போர்க்களம் கண்டவர்" என்றும் சொல்லிவிடாதீர்கள். முதல் இரண்டு வருடம் வயோமிங், மிசிசிப்பி என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களில். அவை அப்போது பீரங்கி, ரேடார் சோதனைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. 1948-ல் நியூ லண்டன் நீர்மூழ்கிப் பள்ளி, ஆண்டுக் கடைசியில் பாம்ஃப்ரெட் என்ற டீசல்-மின் நீர்மூழ்கி.

பாம்ஃப்ரெட்டில் ஒரு சம்பவம் உண்டு, பேச்சுக்கு நன்றாக இருக்கும். அந்தக் காலத்து டீசல் படகுகள் பெரும்பாலும் நீர்மட்டத்தில்தான் ஓடும். பேட்டரி ஏற்ற எஞ்சின் ஓட வேண்டும், எஞ்சினுக்குக் காற்று வேண்டும், அதனால் இரவில் மேலே வந்தாக வேண்டும். பசிபிக் கடலில் புயல் அடித்த இரவில் மேல்தளத்துக் காவலில் நின்றிருந்த கார்ட்டரை அலை தூக்கிக்கொண்டு போனது. பின்பக்கம் இருந்த 5 அங்குலப் பீரங்கியில் மோதி, அதைக் கட்டிப் பிடித்ததால் பிழைத்தார். அலை சற்றுப் பக்கவாட்டில் அடித்திருந்தால் ஆள் கடலில்தான்.

அடுத்து கே-1. எதிரி நீர்மூழ்கிகளை ஒலி வைத்து வேட்டையாடக் கட்டிய சின்ன, சத்தமில்லாத படகு. கட்டும் தளத்திலேயே போய் நின்று, அது 1951 நவம்பரில் சேவைக்கு வந்ததும் அதிலேயே பணி. நீர்மூழ்கியை நடத்தத் தகுதி பெற்றவர் என்ற சான்று இங்கேதான் கிடைத்தது. "கேப்டன்" கதை இதிலிருந்து முளைத்திருக்கும். தகுதிச் சான்று வேறு, கப்பல் கையில் கிடைப்பது வேறு. உங்கள் முன்வரிசைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

1952-ல், கடற்படையின் அணு உலைத் திட்டத்தை நடத்திய ரிக்கோவரின் அணு உந்துசக்திப் பிரிவு. அங்கே அவருக்குக் கிடைத்தது சீவுல்ஃப் என்ற இரண்டாவது அணு நீர்மூழ்கிக்கான குழு. நியூயார்க் மாநிலத்து ஸ்கெனக்டடியில் மாலுமிகளுக்குக் கணக்கும் உலை இயற்பியலும் சொல்லிக் கொடுத்தார். அந்த உலைக்குக் குளிர்விப்பான் தண்ணீர் அல்ல, திரவ சோடியம். சோடியம் அதிக வெப்பத்தைக் குறைந்த அழுத்தத்திலேயே தூக்கிச் செல்லும். அது லாபம். ஆனால் குழாயில் கசிவு வந்து தண்ணீரைத் தொட்டால் தீ. சீவுல்ஃப் பின்னால் இந்தத் தலைவலியால்தான் சோடியம் உலையைக் கழற்றிவிட்டு வழக்கமான அழுத்தநீர் உலைக்கு மாறியது.

அதற்கு வெகு முன்பே கார்ட்டர் வெளியேறிவிட்டார். 1953 ஜூலையில் அப்பா இறந்தார். நிலக்கடலை வியாபாரத்தைப் பார்க்க ஆள் இல்லை. அக்டோபர் 9-ல் பணியிலிருந்து விடுவிப்பு. சீவுல்ஃபுக்கு அடிக்கட்டை போட்டு அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதிகாரியாக மொத்தச் சேவை 7 வருடமும் சில மாதமும்.

பாதுகாப்பாகச் சொல்லக்கூடிய வாக்கியம்: "நீர்மூழ்கித் தகுதி பெற்ற ஒரே அமெரிக்க ஜனாதிபதி." 2005 பிப்ரவரி 19-ல் சேவைக்கு வந்த சீவுல்ஃப் வகை அணு நீர்மூழ்கி ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே.

---

கனநீர்

இரண்டாவது குறிப்பு பாதி உண்மை. உலை நிஜம், உருகியது நிஜம், அவர் உள்ளே இறங்கியதும் நிஜம். "தனியாளாக" என்பதும் "ஊரைக் காப்பாற்றினார்" என்பதும் வாட்ஸ்அப் சேர்த்த மசாலா.

இடம் ஆன்டாரியோ மாநிலத்துச் சாக் ரிவர். உலையின் பெயர் என்.ஆர்.எக்ஸ். 1952 டிசம்பர் 12. கீழ்த்தளத்தில் ஒரு ஆள் தவறான வால்வுகளைத் திறந்துவிட்டார். உலையை அணைக்கும் தண்டுகள் அதனால் மேலே ஏறின. மேற்பார்வையாளர் ஓடிப்போய் வால்வுகளை மூடினார். தண்டுகள் இறங்கியிருக்கும் என்று நம்பினார், ஆனால் சில முழுசாக இறங்கவில்லை. அங்கிருந்தே கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் "4, 3 பொத்தான்களை அழுத்து" என்பதற்குப் பதிலாக "4, 1" என்று சொல்லிவிட்டார். உதவியாளர் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்த ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார். மேற்பார்வையாளர் உடனே திருத்திக் கத்தியும் கேட்க ஆள் இல்லை. பொத்தான் 1 இன்னும் நாலு தண்டுகளை மேலே தூக்கியது. 30 மெகாவாட் உலையில் சக்தி இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. கடைசியில் கனநீரை (உலைக்குள் அணுப்பிளவு தொடர உதவும் சிறப்பு நீர்) வெளியே கொட்டித்தான் நிறுத்தினார்கள். அதற்குள் எரிபொருள் தண்டுகள் உருகி, கீழ்த்தளத்தில் 40 லட்சம் லிட்டர் அளவுக்குக் கதிரியக்கத் தண்ணீர் தேங்கிவிட்டது.

கார்ட்டரும் குழுவும் போனது இதற்கெல்லாம் அப்புறம். ஆபத்தை நிறுத்துவது முடிந்த கதை. இவர்கள் வேலை சிதைந்த உலையைப் பிரித்தெடுப்பது. கனடா அணுசக்தி ஊழியர்கள் 800 பேருக்கு மேல், கனடா ராணுவத்தினர், அவர்களோடு அமெரிக்கக் கடற்படையினர் சுமார் 20 பேர். அந்த 20 பேர் குழுவுக்குத்தான் கார்ட்டர் தலைவர். வயது 28.

எப்படிச் செய்தார்கள் என்பதுதான் பேச்சில் நேரம் ஒதுக்க வேண்டிய இடம். பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரி ஒன்றை அதே அளவில் அமைத்தார்கள். ஒருவர் உள்ளே நிற்கக்கூடிய நேரம் சுமார் 90 விநாடி, அதற்குள் ஒரு முழு வருடத்துக்கு அனுமதித்த கதிரியக்கம் ஏறிவிடும். ஆகவே எந்த போல்ட்டை எந்தச் சாவியால், எத்தனை திருகு என்பதை மைதானத்தில் மூன்று மூன்று பேராகத் திரும்பத் திரும்பப் பழகிவிட்டு, பாதுகாப்பு உடையோடு உள்ளே ஓடி, முடிந்த மட்டும் கழற்றிவிட்டு வெளியே. உள்ளே ஒரு போல்ட் கழன்றால் மைதானத்து மாதிரியிலும் அதே போல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். அடுத்த மூவர் எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று யோசிக்கத் தேவையில்லை. பிறகு ஆறு மாதம் சிறுநீர்ச் சோதனை.

உலை சுமார் 14 மாதத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. "90 விநாடி கதிரியக்கம் வாங்கியும் 100 வயது" என்று மட்டும் முடிச்சுப் போடாதீர்கள். அளவு பார்த்துத்தான் அனுப்பினார்கள். அதிர்ஷ்டமோ அதிசயமோ அதில் இல்லை.

---

ஊர்நலம்

நாலாவது குறிப்புக்கு நான் வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பெரிய தப்பு இருக்கிறது. நரம்புச்சிலந்திக்கு (கினிப் புழு நோய்க்கு நம் ஊர்ப் பெயர்) மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது, ஒருதரம் வந்தால் எதிர்ப்புச் சக்தியும் வராது. நோய் இன்னும் முழுசாக ஒழியவும் இல்லை. கார்ட்டர் தொடங்கிய தொண்டு அமைப்பான கார்ட்டர் மையம் 1986-ல் கையில் எடுத்தபோது ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேர். 2024-ல் உலகம் முழுக்க 15 பேர். மருந்தே இல்லாமல் இது எப்படி நடந்தது என்று கூட்டத்துக்குச் சொல்லுங்கள்.

குட்டையில் சைக்ளாப்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கான பூச்சி இருக்கும். புழுவின் குஞ்சை அது தின்னும். இரண்டு வாரத்தில் குஞ்சு நோய் தரும் பருவத்துக்கு வரும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் பூச்சி வயிற்றில் செத்துவிடும், குஞ்சு மட்டும் தப்பி உடலுக்குள் வளரும். ஏறத்தாழ ஒரு வருடம் எந்த அறிகுறியும் இல்லை. பிறகு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே கொப்புளம், தீ பட்ட எரிச்சல், அதிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை வெள்ளை நூல் போன்ற பெண் புழு. எரிச்சல் தாங்காமல் ஆள் காலைத் தண்ணீரில் வைப்பார். வைத்த நொடியே புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளைப் பீய்ச்சும். அடுத்த வருடத்து நோய் அந்தக் குட்டையில் தயார்.

இந்தச் சங்கிலியை எங்கே வெட்டினாலும் போதும். நாலு இடத்தில் வெட்டினார்கள்.

ஒன்று, துணி வடிகட்டி. சுமார் 100 முதல் 150 மைக்ரான் கண் கொண்ட நைலான் துணியைக் குடத்து வாயில் கட்டி ஊற்றுவது. பருத்தித் துணியில் சேறு அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்க நேரமாகும், ஜனங்கள் நாலு நாளில் விட்டுவிடுவார்கள். நைலான் இழையில் சட்டென்று இறங்கும். அந்த வகைத் துணியை டூபான் உள்ளிட்ட நிறுவனங்கள் நன்கொடையாகக் கொடுத்தன. கேட்டு வாங்கியவர் கார்ட்டர். இதில் தப்பு நடப்பது இரண்டு இடத்தில். துணியைத் தலைகீழாகக் கட்டினால் நேற்று மேலே பிடிபட்ட பூச்சி இன்று குடத்துக்குள் கழுவி இறங்கும். அதனால் ஒரு பக்கத்தில் அடையாளம் வேண்டும். அடுத்தது ஓட்டை. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, பொத்தல் தெரிந்தால் மாற்ற வேண்டும். வயலுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் சின்னக் குழாய், நுனியில் அதே வலை, உறிஞ்சிக் குடிக்கலாம். இந்தத் துணி கிருமியை வடிகட்டாது என்பதையும் சொல்லிவிடுங்கள், வயிற்றுப்போக்குக்கு இது தீர்வல்ல.

இரண்டு, அபேட் என்ற பூச்சிக்கொல்லி. நம் ஊரில் டெங்கு சீசனில் நகராட்சி ஆட்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவதும் இதே மருந்துதான். இங்கே கொசுப்புழு, அங்கே சைக்ளாப்ஸ். அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். 50 சதவீதக் கரைசல் என்றால் ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 60 சென்டிமீட்டர் உள்ள குட்டை என்றால் 120 கனமீட்டர், 240 மில்லி போதும். சராசரி ஆழம் என்ற இடத்தில்தான் சறுக்குவார்கள். கரையோரம் மட்டும் குச்சி விட்டுப் பார்த்தால் கணக்குக் குறையும், பூச்சி பிழைக்கும். நடு உட்படப் பல இடத்தில் அளந்து வகுக்க வேண்டும். மருந்து புழுக்குஞ்சை நேரடியாகக் கொல்லாது, அதைச் சுமக்கும் பூச்சியைத்தான் கொல்லும். பூச்சி திரும்பப் பெருகும், அதனால் 28 நாளுக்கு ஒருமுறை மறுபடி ஊற்ற வேண்டும். ஏரி, ஆறு போன்ற பெரிய நீர்நிலைகளில் இது கட்டுப்படியாகாது.

மூன்று, நோயாளியைத் தண்ணீரில் இறங்கவிடாமல் காப்பது. புழு தலைகாட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆளைக் கண்டுபிடித்துக் கட்டுப்போட வேண்டும். புழுவை ஒரு குச்சியிலோ சுருட்டிய கட்டுத்துணியிலோ நாளைக்குச் சில சென்டிமீட்டர் வீதம் சுற்றி எடுப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளே சுருங்கும், குஞ்சுகள் தோலுக்கடியில் சிந்தும், சீழ் பிடித்துக் கால் வீங்கும். ஆள் நடக்க முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். இந்தக் கண்காணிப்பைச் செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல, அந்தந்தக் கிராமத்துத் தொண்டர்கள். வீடு வீடாகப் போய் "யாருக்காவது கொப்புளமா?" என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் வேலை.

நாலு, கிணறும் அடிபம்பும். நிரந்தரத் தீர்வு இதுதான், செலவும் நேரமும் அதிகம்.

கார்ட்டரின் சொந்தப் பங்கு என்ன? நாட்டுத் தலைவர்களை நேரில் பார்த்து வற்புறுத்தியது, நிறுவனங்களிடம் துணியும் மருந்தும் கேட்டு வாங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே 1995-ல் சூடான் உள்நாட்டுப் போரில் இரு தரப்பையும் பேசவைத்து, கிட்டத்தட்ட ஆறு மாதம் நீடித்த போர்நிறுத்தம் வாங்கிக் கொடுத்தது. சுகாதாரப் பணியாளர்கள் அந்த இடைவெளியில்தான் தெற்கே உள்ளே போக முடிந்தது. படையில் இருந்தவர்கள் கூட்டத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

---

பேச்சுமேடை

ஊர்நலம், மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இந்தியாவில் இந்த நோயை ஒழித்ததும் கார்ட்டர் மையம்தானா? அப்புறம், 35 லட்சத்திலிருந்து 15-க்கு வந்தது ஏன் பூஜ்யத்துக்கு வரவில்லை?

---

ஊர்நலம்

இந்தியாவின் பெருமையை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நம் தேசியத் திட்டம் 1983-84-லேயே தொடங்கிவிட்டது. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு என்று ஏழு மாநிலங்களில் நோய் இருந்தது. படிக்கிணறுகள்தான் முக்கியக் குற்றவாளி. தண்ணீர் எடுக்க ஆள் காலோடு இறங்க வேண்டும், பிறகு சொல்லவே வேண்டாம். அவற்றைக் கயிறு போட்டு இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள், அடிபம்பு போட்டார்கள், அபேட் ஊற்றினார்கள். கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில். 2000-ல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

பூஜ்யம் ஆகாததற்குக் காரணம் நாய். சாட் நாட்டில் 2012-லிருந்து நாய்களிலும் இதே புழு தென்பட்டது. மீன் குடலையும் வேகாத மீனையும் தின்பதால் வருகிறது என்ற சந்தேகத்தில், குடலைப் புதைக்கவும், புழு வந்த நாயைக் கட்டிப்போடவும் சொல்லி, தகவல் சொல்பவருக்கும் கட்டிப்போடுபவருக்கும் பணமும் கொடுக்கிறார்கள். 2024-ல் மனிதர்களில் 15, விலங்குகளில் பல நூறு. கடைசிப் புழு எனக்கு முன்னால் சாக வேண்டும் என்று 2015-ல் கார்ட்டர் சொன்னார். நடக்கவில்லை.

---

மட்டக்கோல்

மூன்றாவது குறிப்பு. ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி அமைப்பைத் தொடங்கியவர்கள் மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி, 1976-ல், பிளெயின்ஸுக்குப் பக்கத்து ஊரான அமெரிக்கஸில். கார்ட்டர் அதில் சுத்தியல் எடுத்தது 1984-ல். அந்த ஆண்டே நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைடில் பாழடைந்த ஆறு மாடிக் கட்டடத்தை 19 குடும்பங்களுக்காகப் புதுப்பித்தார்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒரு வாரம் என்று வைத்து 14 நாடுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 2006-ல் லோனாவ்லா பக்கம் பாட்டன் கிராமத்தில் 100 வீடு கட்ட அவரும் மனைவி ரோசலினும் வந்திருந்தார்கள்.

இலவசம் அல்ல. வீடு பெறும் குடும்பம் கட்டுமான வேலையில் தங்கள் உழைப்பைக் கொடுக்க வேண்டும், பிறகு லாபம் வைக்காத கடனாகத் தவணை கட்ட வேண்டும். அந்தப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். இது தெரியாமல் "தானம்" என்று பேசினால் அந்த ஏற்பாட்டின் உயிரே போய்விடும்.

ஒரு வாரத்தில் வீடு எழும்புவது எப்படி என்று கேட்பார்கள். தொண்டர்கள் வருவதற்கு முன்பே அடித்தளம் போட்டு இறுகவிட்டிருப்பார்கள். கான்கிரீட்டுக்கு அவசரம் பிடிக்காது. மின்சாரம், குழாய் வேலை உரிமம் உள்ளவர்கள் கையில். அமெரிக்க வீடு மரச்சட்டம் என்பதால், 16 அங்குலத்துக்கு ஒரு நிலைச்சட்டம் வைத்துச் சுவரைத் தரையில் படுக்கவைத்தே ஆணி அடித்து, நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துவார்கள். பழகாத கை அடிக்கடி சொதப்புவது மூலைவிட்டத்தில். நிறுத்துவதற்கு முன் இரண்டு மூலைவிட்டமும் ஒரே நீளமா என்று நாடா பிடிக்காவிட்டால் சுவர் சாய்சதுரமாகி, கூரை வைக்கும்போதுதான் தெரியும். கார்ட்டருக்குத் தச்சு கைவந்த கலை. வெள்ளை மாளிகையை விட்டபோது உடன் வேலை பார்த்தவர்கள் பிரிவுப் பரிசாகத் தச்சுப் பட்டறைக் கருவிகள்தான் கொடுத்தார்கள். தன் ஊர் தேவாலயத்துக் காணிக்கைத் தட்டுகளையும் அவரே கடைந்து கொடுத்தார்.

வயதைச் சொல்ல வேண்டுமா, இதைச் சொல்லுங்கள்: 2019 அக்டோபரில் வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல். மறுநாளே நாஷ்வில் வேலைத்தளத்தில், கறுத்த கண்ணோடு, 95 வயதில்.

---

பழைய_கோப்பு

மிச்சம் ஐந்தாவது. அம்மா லில்லியன் நர்ஸ் என்பது சரி, இந்தியாவில் இருந்தார் என்பதும் சரி. அமைதிப்படை என்ற அமெரிக்கத் தொண்டர் திட்டத்தில் 68 வயதில் சேர்ந்து 1966-லிருந்து 1968 வரை பணி. இடம் ஹரியானா அல்ல, மும்பை விக்ரோலி. கார்ட்டர்புரியின் பழைய பெயர் தௌலத்பூர் நசீராபாத். 1978 ஜனவரி 3-ல் ஜனாதிபதியாக அங்கே போனார், அதையொட்டித்தான் பெயர் மாறியது. அம்மா அந்த ஊரில் இருந்தார் என்பதை மேடையில் சொல்ல வேண்டாம்.

கூடவே யாரும் கேட்காத ஒன்று. 100 வயதுக்கு நிலக்கடலை காரணம் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. 2015 ஆகஸ்டில் அவருக்குத் தோல் புற்றுநோய் கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. கல்லீரலில் அறுவை, மூளைக்குக் கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் என்ற அப்போது புதிதான எதிர்ப்புசக்தி மருந்து. டிசம்பரில் புற்று தென்படவில்லை என்று அறிவித்தார். இடையில் நவம்பரில் மெம்ஃபிஸில் வீடு கட்டப் போனார். 2023 பிப்ரவரியில் மருத்துவமனைச் சிகிச்சை போதும் என்று வீட்டிலேயே இறுதிக்காலப் பராமரிப்புக்கு மாறியவர் அதன் பிறகும் 22 மாதம் இருந்தார்.

பெட்டி வாஷிங்டனுக்கு வந்த 2025 ஜனவரி 7 அன்று ஊர்வலத்தைக் கடற்படை நினைவிடத்தில் நிறுத்தி, அங்கேதான் குதிரை பூட்டிய வண்டிக்கு மாற்றினார்கள். படம் காட்ட வசதி இருந்தால் அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியலோடு நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.